கதையில் மூழ்கிய தம்பி

“தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிடி. என்னால தனியா முடியல,” என்றாள் அம்மா.

ஞுங் சவப்பெட்டிக்குள் குனிந்து தம்பியின் பின்தலைக்கு அடியில் கை கொடுத்தாள். சில்லென்றிருந்தது. அம்மா வெள்ளைத் துணியை அவன் நெற்றியைச் சுற்றிக் கொண்டுபோய் முடிச்சுப் போடப் பார்த்தாள். முடிச்சு விழவில்லை. கூடத்தில் சொந்தக்காரர்கள் எல்லார் தலையிலும் அதே வெள்ளைத் துணிதான். அம்மா தலையில் மட்டும் இல்லை. பெற்றவள் பிள்ளைக்காகத் துக்கத் துணி கட்டுவதில்லை.

“கட்டிக்கோடா, கட்டிக்கோ,” என்று பாக் சித்தி பெட்டியோரம் நின்று செத்தவனையே திட்டினாள். “உங்கம்மா போறப்ப நீ கட்ட வேண்டியது. முந்திக்கிட்டுப் போறியே, படுபாவி. இப்பவே கட்டிக்கிட்டுப் போ.”

முந்தாநாள் யார் வீட்டிலோ வாஷிங் மெஷினை ரிப்பேருக்காகக் கழற்றிக்கொண்டிருந்த தோவான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டான். கல்யாணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை அம்மாவோடு இருந்தவன். சான் ஹோசேயில் அம்மாவுக்கு மருந்து வாங்கியது, கோயிலுக்குக் கூட்டிப் போனது, அவள் முணுமுணுப்பையெல்லாம் கேட்டது எல்லாம் அவன்தான். ஞுங் நாவல் எழுதினாள், ஊர் ஊராகப் போய் வாசித்தாள், கைத்தட்டல் வாங்கினாள்.

அந்த நாவலில் தோவான் மூன்று வயதிலேயே கடலில் மூழ்கிப் போகிறான்.

முதலில் அப்படி எழுதவில்லை. நடந்தது நடந்தபடி, நாட்டை விட்டுப் படகில் தப்பி வந்த குடும்பம் முழுக்கக் கரையேறுவதாகத்தான் எழுதியிருந்தாள். “எல்லாரும் பிழைச்சிட்டா வாசகர் எங்கே அழுவார்?” என்று கேட்டார் பதிப்பாசிரியர். யாரைப் பலி கொடுப்பது? இருந்ததிலேயே சின்னவனைக் கொடுத்தாள். எழுதி முடித்ததும் அவனிடம் மட்டும் சொன்னாள். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

“அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்க்கா. மத்தபடி என்னை எத்தனை தடவை வேணாலும் கொல்லு.”

ஒருமுறை அவளைக் காரில் நூலகத்துக்குக் கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவள் வாசிக்க வாசிக்க, வெள்ளைக்காரப் பெண்கள் அவனுக்காக மூக்கை உறிஞ்சினார்கள். “நான் செத்த எடத்துல பிஸ்கட் பிரமாதம்க்கா,” என்றான் திரும்பும் வழியில். அந்தப் பையன் உங்கள் தம்பியா என்று அன்று யாரோ கேட்டபோது, “இது கற்பனைதான்” என்று ஞுங் சொல்லத்தான் செய்தாள். ஆனால் தலையைக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, எவரும் நம்பாதபடி சொன்னாள்.

முடிச்சு விழுந்த நேரத்தில் வாசலில் டோரத்தி தெரிந்தாள். அந்த நூலக வாசகர் வட்டத்துக்காரி. புத்தகத்தைப் படித்துவிட்டுத் தன் வீட்டுப் பின்னறையை ஓர் ஆப்கன் அகதிக் குடும்பத்துக்குத் திறந்துவிட்டவள். நல்ல மனுஷி. அதுதான் பெரிய தொந்தரவு. மோசமானவளாக இருந்திருந்தால் ஞுங்குக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

டோரத்தி வெள்ளைப் பூக்களை வைத்துவிட்டு ஞுங்கைக் கட்டிக்கொண்டாள். ஆங்கிலத்தில் கேட்டாள், “கடலுக்கு ஒரு தம்பியைக் கொடுத்தது போதாதா? இன்னொருத்தரும் இருந்தார்னு எனக்குத் தெரியாதே!” பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் உடைந்து அழுதாள்.

“என்னடி சொல்றா?” என்றாள் அம்மா.

“வருத்தம் சொல்றாங்கம்மா.”

“என் மூஞ்சியைப் பார்த்து ஏன் இந்த அழுகை அழறா? என்னை அவளுக்கு எப்படித் தெரியும்?”

புத்தகத்தில் படித்திருக்கிறாள் என்று சொல்லலாம். அதோடு விட்டுவிடலாம். தோவானும் அதைத்தான் கேட்டிருந்தான். ஆனால் வெள்ளைத் துணி கட்டிய தம்பியின் முகத்தை வைத்துக்கொண்டு இன்னொரு பொய் வாயில் வரவில்லை. கதையில் அவனைக் கடலில் சாகவிட்டதை ஞுங் அம்மாவின் காதருகே குனிந்து சொல்லிவிட்டாள்.

“அடிப்பாவி!” பாக் சித்தி தன் வாயில் அடித்துக்கொண்டாள். “உசிரோட இருக்கறவனைச் சாகடிச்சா எழுதுவே? வெளங்குமா? இப்பப் பார், வந்து நிக்குது!”

“நீ சும்மா இரு,” என்றாள் அம்மா தங்கையிடம். ஞுங்கின் பக்கம் திரும்பினாள். “அந்தக் கதையில நான் எங்கே இருந்தேன்?”

“அவன் பக்கத்துலதாம்மா.”

“பக்கத்துல இருந்தா எப்படிச் செத்தான்?”

அந்தப் பக்கத்தைத்தான் எல்லா ஊரிலும் வாசிக்கச் சொன்னார்கள். “அலை அடிச்சதுல… உன் கை நழுவிடுச்சு.”

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தன் உள்ளங்கைகளைச் சற்று நேரம் பார்த்தாள்.

“என் இடுப்போட சேர்த்துக் கட்டியிருந்தேன் அவனை,” என்றாள். “ஒண்ணுக்குப் போகக்கூட அவிழ்க்கல. துணி அறுத்து இடுப்புல புண்ணே வந்துடுச்சு. நீ பார்த்தியே. உனக்கு எட்டு வயசு. பார்த்துக்கிட்டுதானே இருந்தே?”

“பார்த்தேம்மா.”

“அப்புறம் எப்படிடி எழுத வந்துச்சு?”

எழுதும்போது சுலபமாகத்தான் வந்தது. அதை எப்படிச் சொல்வாள்?

“அவகிட்டச் சொல்லு,” அம்மா டோரத்தியைக் காட்டினாள். “நான் விடலேன்னு சொல்லு.”

ஞுங் சொன்னாள். “டோரத்தி, அம்மா கையை விடவே இல்லை. கடல்ல யாரும் சாகலை. எனக்கு ஒரே தம்பிதான். நீங்க படிச்ச பையன் இவன்தான்.”

டோரத்தி கண்ணீரோடு பெட்டியைப் பார்த்தாள், ஞுங்கைப் பார்த்தாள். அவள் கன்னத்தை மெல்லத் தடவினாள். “எனக்குப் புரியுதும்மா. துக்கத்துல மனசு அப்படித்தான் ஒட்டவச்சுப் பார்க்கும். அந்தக் குழந்தையும் இவரும் உனக்கு ஒண்ணாத்தான் தெரிவாங்க.”

“இல்லை, டோரத்தி. நான் சொல்றது நிஜம். அது நான் கட்டின கதை.”

“ஷ்ஷ்,” என்றாள் டோரத்தி. பெட்டியைச் சுற்றி நடந்து அம்மாவிடம் போய், இரு கைகளாலும் அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள். “உங்க தப்பில்லைம்மா. எந்தத் தாயாலயும் அந்த அலையில பிடிச்சு வைக்க முடியாது. யாரும் உங்களைக் குத்தம் சொல்லமாட்டாங்க.”

“என்னடி சொல்றா?” அவள் தோளுக்கு மேலாக அம்மா கேட்டாள். “நம்பினாளா?”

ஞுங் டோரத்தியின் தோளைத் தொட்டு விலக்கப் பார்த்தாள்.

கறுப்புக் கோட்டுப் போட்ட ஆள் வந்து, பெட்டியை மூடிவிடலாமா என்று பணிவாகக் கேட்டான். பாக் சித்தி ஊதுபத்தியை நட்டுவிட்டு ஒதுங்கினாள். டோரத்தி இன்னும் விடவில்லை. விம்மிக்கொண்டே அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா அசையாமல் நின்றாள். அவளுடைய ஒரு கை பெட்டிக்குள் போயிருந்தது. தோவானின் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

மூடியில் கை வைத்தபடி அந்த ஆள் ஞுங்கைப் பார்த்தான்.