அவள் சொன்னபடியே

"இதை எழுத முடியாது, தம்பி" என்று தையல்காரர் பேனாவை மூடி வைத்தார்.

அவன் சொன்னது சரியான வாக்கியம்தான். 'என் மனைவி கண்ணியமான சிகிச்சையையே விரும்புவாள்.' எந்தப் பக்கமும் சாயாத வாக்கியம்.

"இது உங்க பேச்சு. படிவத்துல இந்தக் கட்டத்துல அவங்க பேச்சுதான் வரணும். அவங்க வாயில எப்படி வந்துச்சோ அப்படியே. இங்க அதான் வழக்கம்."

மேசையைச் சுற்றி மருத்துவமனையின் நெறிமுறைக் குழு. தலைவி, ஓய்வுபெற்ற கண் டாக்டர். ஒரு வக்கீல். ஒரு மூத்த நர்ஸ். டாக்டரும் இல்லாமல் வக்கீலும் இல்லாமல் ஓர் ஆள் வேண்டுமென்று, இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்த தையல்காரரைச் சேர்த்திருந்தார்கள். நோயாளியின் கட்டத்தை நிரப்புவது அவர் பொறுப்பு.

மூன்றாம் மாடியில் அவள் பத்தொன்பது நாளாக மூச்சுக் கருவியில் கிடந்தாள். குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். விசில் கழுத்தில் தொங்க, குளத்து ஓரத்திலேயே சுருண்டு விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. இனி கண் திறக்க மாட்டாள், கருவியை எடுத்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள். கூடவே கூடாது என்றார் அவளுடைய அம்மா, அவனுடைய மாமியார். அவன் ஒன்றுமே சொல்லவில்லை. அதனால்தான் விஷயம் இந்த மேசைக்கு வந்தது.

"அவர் எப்பவும் இப்படித்தாங்க" என்றார் மாமியார். "எம்பொண்ணு இவருக்கு வெச்ச பேரே ஊமைச்சாமி."

தலைவி அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க ஒருத்தரா முடிவு பண்ணணும்னு யாரும் சொல்லல. நாங்க இத்தனை பேர் எதுக்கு உட்கார்ந்திருக்கோம்? பாரத்தை இறக்கி இந்த மேசை மேல வைங்க. அவங்க என்ன சொன்னாங்க? அது போதும்."

சொல்லியிருந்தாள். போன வருடம் அவளுடைய பெரியப்பா இதேபோல நாலு மாதம் கிடந்தார். பார்த்துவிட்டு லிஃப்டில் இறங்கும்போது சொன்னாள். இப்போது அதைச் சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாத வரை இருப்பாள். பத்தொன்பது நாளாக அவன் வாயை மூடி வைத்திருந்தது அதுதான்.

"அது... சபையில சொல்ற மாதிரி இருக்காது."

"பரவாயில்ல." தையல்காரர் பேனாவைத் திறந்தார்.

"டேய் ஊமைச்சாமி" என்றான் அவன். "என்னை மட்டும் இப்படி செல்போன் மாதிரி சார்ஜ்ல போட்டு வெச்சேன்னு வை, பேயா வந்து தினமும் உன் காபியில உப்பு போடுவேன். கலக்கியும் குடுப்பேன். குடிச்சுத் தொலை."

நர்ஸ்தான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். வக்கீல் இருமினார். பக்கத்தில் மாமியாரிடமிருந்து ஒரு சத்தம். அழுகிறார் என்று நினைத்துத் திரும்பினான். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவதான். அவளேதான். இப்படிப் பேச இவருக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராதுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏன் மாப்பிள்ளை, இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு, அத்தை."

"நானா?"

மாமியார் அதற்கு மேல் கேட்கவில்லை.

தையல்காரர் எழுதியதை உரக்கப் படித்தார், 'டேய்' முதற்கொண்டு. பிறகு தயங்கினார். "கடைசில அந்த 'குடிச்சுத் தொலை'... விட்டுடலாமா?"

"வேணும்" என்றார் மாமியார்.

தலைவி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். மாமியாருக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் தாளை வாங்கி அந்தக் கட்டத்தைத் தானே ஒருமுறை படித்தார். பிறகு தலையசைத்து, தாளைத் தையல்காரர் பக்கம் நகர்த்தினார்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கருவியை எடுத்தார்கள். அதன்பின் நாற்பது நிமிடம் அவள் தானாகவே மூச்சு விட்டாள், அவசரமில்லாமல். ஒரு கையை மாமியார் பிடித்திருந்தார், இன்னொன்றை அவன். நாற்பது நிமிடமும் அவன் பேசிக்கொண்டிருந்தான். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. செடிகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் விடுகிறார். உன் நீச்சல் பசங்க விசிலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், கட்டில் தலைமாட்டில் மாட்டியிருக்கிறேன். பத்தொன்பது நாளின் வீட்டுச் செய்தி முழுக்க. மாமியார் ஒருமுறை நிமிர்ந்து அவன் வாயையே பார்த்தார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது தாழ்வார ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். மாமியார் கேன்டீனிலிருந்து இரண்டு காபி வாங்கி வந்தார். அவனுடையதை நீட்டப்போனவர், கையை இழுத்துக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்தார்.

"சக்கரைதான், மாப்பிள்ளை" என்று கொடுத்தார்.