சென்னப்பனின் இடது காது

1

இது கதையாக வேண்டியதே இல்லை. கிளர்ச்சிக்காரர்களை அடக்க அயல்நாட்டுக்குப் படை அனுப்பியவர்கள் பட்ட செலவை ஒப்பிட்டு ஒரு பத்திரிகைக்குக் கட்டுரைதான் எழுதினேன். வியட்நாமில் அமெரிக்கா, ஆப்கானிஸ்தானில் ரஷ்யா, பிறகு அங்கேயே அமெரிக்கா, இலங்கையில் நாம். வரலாற்று வாத்தியார் புத்தி, அட்டவணை போட்டேன். ‘செலவு’ கட்டம் நிரம்பி வழிந்தது. ‘பலன்’ கட்டம் காலி.* ஆசிரியர் போனில், “இதுல ஒரு மனுஷனாவது வர்றானா சார்?” என்றார்.

(*முதலில் ‘பாடம்’ என்று நிரப்பியிருந்தேன். பாடம் கற்றிருந்தால் அடுத்த வரிசையே வந்திருக்காது.)

2

மனுஷன் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். காரிமங்கலம் சென்னப்பன், அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவர்.

‘கண்ணிவெடியில் ஒரு காலை இழந்த சென்னப்பன், ஊன்றுகோலை...’

(அடித்துவிட்டேன். படித்துக் காட்டியதும் எழுந்து நின்று இரண்டு காலையும் உதறினார். “எனக்குப் போனது இடது காது வாத்தியாரே. காலை எதுக்கு எடுக்கறீங்க? தக்காளிக்கு யாரு தண்ணி கட்டறது?”)

3

‘முப்பது வருடமாக அவருடைய இடப்பக்கமே நடந்துவரும் மனைவி கலைமதி...’

(இதை அடித்தது கலைமதி. “அந்தப் பக்கம் நடந்தா நான் பேசறது எப்படிங்க கேக்கும்? சோத்தாங்கைப் பக்கந்தான் நடப்பேன். திட்டணும்னா மட்டும் அந்தப் பக்கம் போவேன்.” என் அட்டவணையில் இதற்குக் கட்டமே இல்லை. வெட்கமாக இருந்தது.)

4

அப்போதுதான் ராணுவத்தில் இருக்கும் அவர்கள் மகன் ரஞ்சித்குமார் கூப்பிட்டான். அப்பாவுக்காகக் கத்தியே பழகியவன், தெருவுக்கே கேட்டது.

“அப்பா, வெளிநாட்டுக்கு அமைதிப்படை போகுது. பேர் குடுக்கட்டுமா? சாயந்தரத்துக்குள்ள சொல்லணும். நீ சொன்னாத்தான் குடுப்பேன்.”

சென்னப்பன் போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினார்.

“கேக்கலடா.”

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) “போய்ட்டு வாடா” என்கிறார்.

ஆ) “வேணாம்டா” என்கிறார்.

இ) சிக்னல் போய்விடுகிறது. (இது கோழைத்தனம். இங்கே டவர் நன்றாகவே இருக்கிறது.)

எது சரி என்று அவரிடமே கேட்டேன். “நீங்கதான எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாத்தவரு, நீங்களே சொல்லுங்க” என்றார். அட்டவணையை மடித்து வைத்தேன்.

மணி நாலரை. ரஞ்சித் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறான். கலைமதி எழுந்து இடது பக்கம் போய்விட்டார். உதடுகள் மட்டும் அசைகின்றன. வலது பக்க நாற்காலி காலி.

வாசிக்கிறவரே, வாருங்கள், நீங்கள் உட்காருங்கள். அந்தக் காது நன்றாகக் கேட்கும்.