சூரியகாந்தி மேசை

கொடைக்கானலில் இருந்த அந்த மழலையர் பள்ளியில் பிள்ளைகளைத் தரம் பிரிப்பதே கிடையாது. தாளாளர் பாலகுமார் சேர்க்கையன்றே இதை மூன்று தடவை சொல்லிவிட்டார். பிஞ்சு மனசு நோகக்கூடாதாம். அதனால் ரோஜா மேசை, லில்லி மேசை, சூரியகாந்தி மேசை மட்டும்தான். எல்லாமே பூ.

கேட்ட மேனகாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அவள் பூம்பாறையில் ஒரு வியாபாரியின் கொட்டகையில் பூண்டு தரம் பிரிப்பவள். பெருசு ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம் என்று பகலெல்லாம் கை ஓடும். மகள் சத்தியபிரியாவாவது எந்தக் குவியலிலும் விழாமல் படிக்கட்டும் என்று தினமும் வெள்ளனே பஸ் ஏற்றி அனுப்பினாள்.

வகுப்பறையை எட்டிப் பார்த்த அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. ரோஜா மேசை மிஸ்ஸுக்கு நேர் எதிரே இருந்தது. புது கிரையான்கள் அதன்மேல். லில்லி நடுவில். சூரியகாந்தி கதவோரம், பனிமூட்டம் நேராக உள்ளே நுழைகிற இடத்தில். உடைந்த கிரையான் எல்லாம் அங்கேதான். சத்தியபிரியாவும் அங்கேதான். பூண்டு பொறுக்குகிறவளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

வீட்டில் பூண்டை வைத்து நூறுவரை எண்ணிய பிள்ளை, இப்போது இருபத்தொன்பதுக்கு அடுத்து என்ன என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டது.

"எனக்கு வராதும்மா. அதெல்லாம் ரோஜாவுக்குத்தான் வரும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

ஐந்து வயதில் தன்னைப் பற்றி இவ்வளவு தெளிவு. மூன்றே மாதத்தில் இதைச் சொல்லிக்கொடுத்த பள்ளியை மெச்சத்தான் வேண்டும். ஜூனில் ஒன்றாம் வகுப்பு. மேசை வரிசைப்படியே பிரிவு போடுவார்களாம். அப்புறம் ஐந்தாம் வகுப்புவரை மாற்றமே கிடையாது.

மறுநாள் தாளாளரைப் போய்ப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு கான்ஃபிடன்ஸ் கம்மிங்க. அது வந்தா டேபிள் தானா மாறிடும்."

"டேபிள மாத்துனா அது தானா வந்துரும் சார்."

விவரம் தெரியாதவள் என்று பாலகுமார் சிரித்தார். சிரித்த வாக்கில் அவர் பார்வை அவள் கையிலிருந்த பைக்குப் போயிற்று.

"மலைப்பூண்டுங்களா?"

"முதல் தரம் சார். ஒங்களுக்குத்தான் கொண்டாந்தேன்" என்று கீழே வைத்தாள்.

"எதுக்குங்க இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே பையைக் காலால் மேசைக்கடியில் நகர்த்தினார்.

திங்கட்கிழமை சத்தியபிரியா ரோஜா ஆனாள். பூண்டு வாய்வுக்கு நல்லது, ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்பார்கள். தன்னம்பிக்கைக்கும் நல்லது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டே வாரத்தில் மிஸ் கேட்டு முடிக்கும் முன்னே கையைத் தூக்கினாள். நூறிலிருந்து பின்னோக்கி எண்ணினாள். 'தன்னம்பிக்கையில் வியத்தகு முன்னேற்றம்' என்று அறிக்கை வந்தது. அதே பிள்ளை, அதே மண்டை. நாற்காலி மட்டும் பத்தடி முன்னால் போயிருந்தது.

ஆனால் ரோஜா மேசைக்கு நாற்காலி ஆறுதான். ஏழாவது போட இடமில்லை. அதனால் அகிலன் கதவோரம் போனான். அவன் பாப்பம்மாளின் மகன். பாப்பம்மாள் கொட்டகையில் மேனகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு பொறுக்குகிறவள். பஸ்ஸில் வழி நெடுகக் கடைப் பலகைகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டு போகிற பயல் அவன். இப்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தும் ஒன்றையும் வாசிப்பதில்லை. பஸ் ஏற்றிவிடும்போது மேனகா பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒருநாள் பாப்பம்மாள் கேட்டேவிட்டாள்.

"மேனகா, ஒம் மக மட்டும் எப்படி மேல போனா? எம் பய வாயே தொறக்க மாட்டேங்குறான். ராத்திரி அழுகுறான். சார்கிட்ட என்ன பேசுன? எனக்கும் சொல்லேன்."

மேனகாவின் கை நின்றது. சொன்னால் நாளைக்கே இவளும் ஒரு பையோடு போவாள். பெரிய பையாகக்கூட இருக்கும். பையனை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் நாற்காலி ஆறுதானே.

"நான் என்னக்கா பேசப்போறேன்? அது பிள்ளைக்குத் தானா வரணும். ஒங்க மகனுக்குக் கொஞ்சம் கான்ஃபிடன்ஸ் கம்மி."

பாப்பம்மாள் கையிலிருந்த பூண்டைப் பொடிக் குவியலில் போட்டாள்.

"அப்படித்தான் போல" என்றாள். "என்னைய மாதிரியே வந்துட்டான்."