நுரைக்கட்டியின் மேல் நின்ற இயந்திரம்

அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் அமுக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே வார்க்கும் அலுமினிய நுரைக்கட்டிகளைச் சோதனை அறையில் வைத்து அமுக்கிப் பார்ப்பது அவள் வேலை. உருக்கிய அலுமினியத்தில் காற்றை ஊதி, நுரையோடு உறைய விட்டால் உள்ளே முழுக்கக் காற்று அடைந்த சின்னச் சின்னக் கண்ணறைகளோடு ஒரு கட்டி கிடைக்கும். வண்டி எதிலாவது மோதினால் அடியை வாங்கிக்கொள்ள முன்பக்கத்தில் வைப்பார்கள். பார்க்கத்தான் பாறை, தூக்கினால் ஒன்றுமேயில்லை. அதனால் அங்கிருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. அலமாரி ஆடினாலும் சரி, மேசை ஆடினாலும் சரி, நுரைக்கட்டி ஒன்றைக் கொண்டுவந்து அடியில் சொருகிவிடுவார்கள்.

அன்று காலை அவள் தம்பி நுரைக்கட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்று, இது வெயிட் தாங்குமா என்று கேட்டான். அவன் அங்கே ஃபிட்டர். யார் யார் கையையோ காலையோ பிடித்து அவள் வாங்கிக் கொடுத்த வேலை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தாங்கும் போடா என்று சொல்லிவிட்டாள். எதுக்குடா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளுக்கு அப்போது அலமாரிதான் மனதில் இருந்தது.

மதியம் ஆள் ஓடிவந்து கூப்பிட்டபோது அவளும் பின்னாலேயே ஓடினாள். பெரிய வெட்டு இயந்திரத்தை ஒரு பக்கம் ஜாக்கியால் தூக்கி, காப்புக்கு நுரைக்கட்டிகளை அடுக்கிவிட்டு, தம்பி அடியில் படுத்திருக்கிறான். ஜாக்கியில் எண்ணெய் கசிந்து, எடை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிகளின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. இடுப்பு மாட்டிக்கொண்டதால் அவனால் நகர முடியவில்லை. நெஞ்சுக்கு மேல் மட்டும் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.

பயப்பட வேண்டாம், கட்டி தாங்குகிறது, கிரேன் வந்துகொண்டே இருக்கிறது என்றார் சூப்பர்வைசர். நறுக் என்று ஒரு சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். தினமும் கேட்கிற சத்தம். முதலில் கட்டி விறைப்பாக நிற்கும். பிறகு கண்ணறைகள் ஒரு வரிசை மடங்கும், அடுத்த வரிசை மடங்கும். எடை ஏறாமலே உயரம் கரைந்துகொண்டு போகும். கண்ணறை எல்லாம் மூடி, சுவரோடு சுவர் ஒட்டிய பிறகுதான் அது உண்மையிலேயே தாங்கும். அதுவரை இறங்கினால் தம்பி இருக்கமாட்டான்.

யாரோ புதுக் கட்டிகளைத் தூக்கி வந்தார்கள். இடைவெளி ஏற்கெனவே குறைந்துவிட்டதால் ஒன்றுகூட நுழையவில்லை. சோதனை அறையின் கழிவுத் தொட்டி அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அவளே அமுக்கி, தட்டையாக்கி, தூக்கிப் போட்ட கட்டிகள். ஓடிப்போய் வாளி நிறைய அள்ளி வந்து, குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அக்கா, தாங்கும்னு சொன்னியே."

"சொன்னேன்டா. தப்பா சொல்லிட்டேன். மூச்ச மெதுவா விடு."

நறுக். இயந்திரம் இன்னும் கொஞ்சம் இறங்கி, நசுங்கிய கட்டிகளின் மேல் உட்கார்ந்தது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அடுத்த சத்தம் வரவில்லை. தம்பியின் நெஞ்சு மேலே இடிக்காமல் ஏறி இறங்குவதை அவள் பார்த்தாள்.

அடுக்கு வழுக்கினால் கை போய்விடும், உடனே வெளியே எடு என்று சூப்பர்வைசர் அதட்டினார். கிரேன் இன்னும் தொழிற்சாலை வாசலுக்கே வந்து சேரவில்லை.

"அவர் சொல்றது சரிதான், நீ போக்கா" என்றான் தம்பி. சொன்னானே தவிர, அவள் விரல்களைப் பிடித்த பிடியை விடவில்லை.

"சரிடா, போறேன்" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்த் தரையில் கன்னத்தை வைத்து அங்கேயே கிடந்தாள்.