இரண்டாவது பிரேக்

என் வீட்டுக்காரரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் நாளே ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய நகரசபை உறுப்பினர் என்ன அக்கிரமம் செய்தாலும், அவர் பதவிக்காலம் முடிவதற்குள் அவரை வீட்டுக்கு அனுப்ப நமக்கு வழி கிடையாது என்பதுதான் அது. கிளட்ச் எது என்பதெல்லாம் மூன்றாம் நாள்.

நாங்கள் நடத்துவது டிரைவிங் ஸ்கூல். தெருவைப் பார்த்த ஒரே அறை, சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள், வாசலில் ஒரு வெள்ளைக் கார். அறையில் உட்கார்ந்து ஆள் சேர்ப்பதும், நேரம் ஒதுக்குவதும், லைசென்ஸ் டெஸ்டில் தோற்றுப்போய் வருகிறவர்களுக்குச் சமாதானம் சொல்வதும் என் வேலை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. போர்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

ஓடுகிற வண்டியில் பக்கத்தில் இருப்பவர் என்ன சொன்னாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். இறங்கி ஓட முடியாது. திரும்பி முறைக்கலாம் என்றால் கண் ரோட்டில் இருக்க வேண்டும். இப்படி வசமாக மாட்டிக்கொண்ட கூட்டம் எந்தத் தலைவருக்கும் கிடைத்திருக்காது.

"இங்க பாருங்க, என் காலடியில ஒரு பிரேக் இருக்கா?" என்று ஆரம்பிப்பார். "ஸ்டியரிங் உங்க கையில. ஆனா நீங்க நேரா செவுத்துல மோதப் போனா நான் நிறுத்திடுவேன். அந்த தைரியத்துலதான் நான் இங்க உக்காந்திருக்கேன். ஓட்டுப் போட்ட நமக்கு அந்த ரெண்டாவது பிரேக் இருக்கா? இல்லை. மோதுற வரைக்கும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அதைத்தான் திருப்பி அழைக்கும் உரிமைன்னு கேக்கறோம்."

நல்ல உதாரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த உரிமையின் சரித்திரம் வரும், அதை எதிர்க்கிறவர்களின் சூழ்ச்சி வரும், அதற்குள் வகுப்பு நேரம் முடிந்துவிடும். "அக்கா, மாஸ்டர் ரிவர்ஸ் எப்போ சொல்லித் தருவாரு?" என்று என்னிடம் வந்து நிற்பார்கள். வேறு வழியில்லாமல் என் தம்பியிடம் கெஞ்சி, அவனுடைய எலக்ட்ரீஷியன் வேலைக்கு நடுவே அவனை ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்க வைப்பேன்.

வீட்டில் எனக்கு மட்டும் வகுப்பு இலவசம். கல்யாணமான புதிதிலிருந்தே இந்த விஷயத்தில் என்னை ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும் என்பது அவருக்கு ஒரு வெறி. "ஒருத்தனைத் திருப்பி அழைச்சா அடுத்து வர்றவன் மட்டும் யோக்கியனா?" என்று அந்தக் காலத்தில் ஒரு தடவை கேட்டுத் தொலைத்தேன். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நடுவில் நான் ஏதாவது சொல்ல வாயெடுப்பேன். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவரே முடிவு செய்து, அதற்கும் பதில் சொல்லி முடித்துவிடுவார். நானும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன்.

இவ்வளவு கழுத்தறுப்புக்கும் நடுவில் அந்த எண்ணம் பரவியதுதான் ஆச்சரியம். முதலில் சேர்ந்தது டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், பேரன் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு போகக் கார் கற்றுக்கொள்ள வந்தவர். அடுத்து மருந்துக்கடைக்காரர். பிறகு இவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். டெஸ்டில் பாஸானவர்கள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஃபெயிலானவர்கள்தான் அதிகம் வந்தார்கள் என்று தம்பி கிண்டல் செய்வான். "உங்கள் பிரேக் எங்கே?" என்ற ஸ்டிக்கர் ஸ்கூட்டர்களில் தெரிய ஆரம்பித்தது. முடிவெட்டும் கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் ஆட்கள் அதைப் பற்றிப் பேசினார்கள்.

இயக்கம் என்று பெயர் வைத்ததும் நிர்வாகக் குழு வேண்டும் என்றார்கள். பதினோரு பேர் தேவைப்பட்டது, என் தம்பியையும் சேர்த்துப் பத்துப் பேர்தான் இருந்தார்கள். "நீ சும்மா பேருக்கு இரு" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். அமைப்பாளர் அவரே. விதிகளையும் அவரே எழுதினார். குழுவில் பாதிக்கு மேல் கை தூக்கினால் அமைப்பாளரையே எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்பது முதல் விதி. "நாம செய்யாததை ஊரைச் செய்யச் சொல்லக் கூடாது" என்று அவர் அதைப் படித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

டீச்சர் ஆறே வரியில் ஒரு துண்டறிக்கை எழுதிக் கொடுத்தார். படித்தால் யாருக்கும் புரியும். இவர் அதைத் 'திருத்தி', இரண்டு பக்கமும் எறும்பு எழுத்தில் நிரப்பி அச்சடித்து வந்தார். மருந்துக்கடைக்காரர் அதை மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். "பக்க விளைவு எந்த எடத்துல போட்டிருக்குன்னு கேக்கறாங்க மாஸ்டர்" என்றார் வந்து. இவர் சிரிக்கவில்லை. இன்னும் விளக்கமாக எழுதியிருக்க வேண்டும் என்றார்.

கூட்டங்களில் இன்னொரு கூத்து. வேறு யாராவது பேச ஆரம்பித்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். தொழில் பழக்கம். அடுத்த நொடியே "அது சரிதான், ஆனா" என்று குறுக்கே வருவார். பிறகு அந்த ஆள் வாயே திறக்க மாட்டார். இப்படியே வந்தவர்களில் பலர் வராமல் போனார்கள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

எப்படியோ பேச்சு நகரசபை வரைக்கும் எட்டி, கூட்டத்தில் வந்து பத்து நிமிடம் பேசச் சொல்லி அழைப்பு வந்தது. சபையில் இருந்த ஓர் அம்மாள் முயற்சி எடுத்து வாங்கிக் கொடுத்த நேரம் அது. இவர் வணக்கம் சொல்லி அறிமுகம் செய்வது, மீதியை டீச்சர் பேசுவது என்று முடிவு செய்திருந்தோம். எத்தனை பேர் கையெழுத்துப் போட்டால் ஓர் உறுப்பினரைத் திருப்பி அழைக்கலாம், யார் சரிபார்ப்பது, ஆகாதவர்கள் சும்மா வம்புக்குக் கையெழுத்து வாங்கினால் எப்படித் தடுப்பது, எல்லாவற்றையும் டீச்சர் அழகாகத் தயார் செய்து வைத்திருந்தார்.

இவர் மைக்கைப் பிடித்தார், விடவில்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் போனை எடுத்தார்கள். ஒருவர் கொட்டாவியை மறைக்கக்கூட இல்லை. அந்த அம்மாள் மட்டும் குறுக்கிட்டு, "எத்தனை பேர் கையெழுத்து வேணும், அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார். இவர் பக்கத்தில் டீச்சர் எழுந்தே விட்டார். "நல்ல கேள்வி. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்" என்றார் இவர். மணி அடித்துவிட்டது. டீச்சர் கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இவர் மானம் போனதற்காக எரியவில்லை என்பது மட்டும் தெரிந்தது, வேறு எதற்காக என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்த அம்மாள் அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடியும் நேரம் வாங்கித் தந்தார். "இதுக்கு மேல என்னால கேக்க முடியாது" என்று சொல்லியும் விட்டார்.

மறுநாள் டீச்சர் எங்கள் ஸ்கூலுக்கு வந்தார். இவர் வண்டியில் போயிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல மாஸ்டரை நீக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டு வரப் போறேன்மா. உங்ககிட்ட ஓட்டு கேக்க வரலை. முதுகுக்குப் பின்னாடி செஞ்சதா ஆயிடக் கூடாது, அதான் சொல்லிட்டுப் போறேன். மாஸ்டர்கிட்டயும் நானே சொல்லிடறேன்."

"அவருக்கு இதை விட்டா ஒண்ணுமே இல்லை டீச்சர்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். டிரைவிங் ஸ்கூல் அவர் அப்பா வைத்தது, வீடு என் அப்பா கொடுத்தது. அவராக ஆரம்பித்து, அவராக வளர்த்தது என்று உலகத்தில் இருப்பது இந்த இயக்கம் ஒன்றுதான்.

"தெரியும்மா. அவர் இன்னொரு தடவை போய்ப் பேசினா அதுவும் இருக்காது."

அன்று சாயங்காலம் அவரிடம் நயமாகத்தான் சொன்னேன். "நீங்களே விட்டுக் கொடுத்துடுங்க. இந்தத் தடவை டீச்சர் பேசட்டும்."

"தாராளமா பேசட்டும். நான் ஆரம்பிச்சு மட்டும் வெச்சிடறேன்."

"அந்த ஆரம்பம்தாங்க வேண்டாங்கறது."

"உனக்கு இதெல்லாம் புரியாது. உனக்குத்தான் இதுல நம்பிக்கையே கிடையாதே" என்றார். அதற்கு நான் ஏதோ சொல்ல வந்தேன். அதற்குள் அவர், டீச்சர் எங்கே தவறு செய்கிறார் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினோரு பேரும் வந்தார்கள். டீச்சர் நான்கு வாக்கியத்தில் தீர்மானத்தைச் சொன்னார். மாஸ்டர் இல்லாவிட்டால் இந்த இயக்கமே இல்லை என்பது அதில் ஒரு வாக்கியம். பிறகு இவர் பேசினார். எவ்வளவு நேரம் பேசினார் என்று நான் சொல்லப் போவதில்லை. முடித்துவிட்டு, அமைப்பாளர் என்ற முறையில் தானே ஓட்டெடுப்பை நடத்தினார்.

"நீக்கணும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

டீச்சர் தூக்கினார். மருந்துக்கடைக்காரர் யாரையும் பார்க்காமல் தூக்கினார். இன்னும் மூன்று கைகள். என் தம்பி இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவர் ஒவ்வொருவராகப் பார்த்து எண்ணினார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எந்தப் பக்கம் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

"அஞ்சு. ஆறு வேணும். அதனால தீர்மானம்..."

நான் கையைத் தூக்கினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். "என்ன, டீ வந்துடுச்சா?"

"இல்லீங்க. இதையும் எண்ணுங்க."

"அக்கா" என்றான் தம்பி, அடிக்குரலில்.

அவர் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். "ஆறு" என்றார். "தீர்மானம் நிறைவேறியது." தான் எழுதிய விதியின்படி தானே அறிவித்துவிட்டு, நாற்காலியை டீச்சருக்கு இழுத்துப் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தார். யாரும் கை தட்டவில்லை. அடுத்த மாதம் டீச்சர் ஒருவரே பேசுவது என்று முடிவாயிற்று. எல்லோரும் சத்தமில்லாமல் கிளம்பிப் போனார்கள். தம்பி என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தோம். இந்த மனிதர் பேச மாட்டாரா என்று எனக்கே ஆகிவிட்டது.

"யார் வேணா தூக்கலாம்" என்றார் கடைசியில். "டீச்சர் தூக்கலாம், கடைக்காரர் தூக்கலாம். அவங்க இதை நம்பறவங்க. நீ எப்படித் தூக்கின? இத்தனை வருஷமா எவ்வளவோ சொல்லியும் உன் ஒருத்தியைத்தான் என்னால ஒத்துக்க வைக்க முடியலை."

"ஒத்துக்கிட்டதாலதான் தூக்கினேன்."

கையில் நாற்காலியோடு நின்றார்.

"அன்னிக்கு நகரசபையில அந்தம்மா கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே, அப்போ எனக்கு உயிரே போயிடுச்சு. கிடைக்க வேண்டியது கை நழுவிப் போகுதேன்னு. வேண்டாத விஷயத்துக்கு யாருக்காவது அப்படி இருக்குமா? நீங்க ஜெயிச்சு ரொம்ப நாளாச்சுங்க."

அவர் நாற்காலியைக் கீழே வைத்தார். அதிலேயே உட்கார்ந்தார். கோபமா, அழுகையா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

"எப்போலேர்ந்து?"

"தெரியலை. வருஷக்கணக்கா இருக்கும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எங்க சொல்ல விட்டீங்க?"

வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "சரி. இப்போ சொல்லு" என்றார்.

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. அவருடைய உதாரணத்தில் எது எனக்குப் பிடித்தது, எந்த இடத்தில் அவர் சொல்வது தப்பு, அந்தப் பழைய கேள்விக்கு அவரைவிட நல்ல பதிலாக நான் எதை யோசித்து வைத்திருக்கிறேன், எல்லாம் இருந்தது. இத்தனை வருடம் துடித்துக்கொண்டிருந்த வாய், அவர் விட்டுக்கொடுத்த நேரம் பார்த்து அடைத்துக்கொண்டது. அடுக்கின நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் குறுக்கே ஒன்றும் சொல்லாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.