இழுத்தால் தாங்கும் பட்டை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் பல்லிடுக்கில் பிறந்தது. ஒரு பாக்கெட்டைக் கடித்துக் கிழித்தேன். நீளவாக்கில் சர்ரென்று போனது, குறுக்கே மட்டும் வருவேனா என்று அடம்பிடித்தது. ஏன் என்று தேடப் போனவள், பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டை செய்கிற தொழிற்சாலைக்குள் போய் விழுந்தேன்.

2

முதல் வரி: "மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாக..." வேண்டாம், பாடப்புத்தக வாடை.

இன்னொன்று: "அக்கா பட்டையை முறுக்கினாள். அது..." இருங்கள், அக்கா யாரென்றே சொல்லவில்லையே.

அக்கா பட்டைகளைச் சோதிப்பவள். அவள் தம்பி அதே கூடத்தில் இழுவை இயந்திரம் ஓட்டுகிறான். சூடான பட்டையை உருளைகளுக்கிடையே இழுக்க இழுக்க, உள்ளே சிக்குப் பிடித்துக் கிடக்கும் மூலக்கூறுச் சங்கிலிகள் நீளவாக்கில் நேராகும். நேரானவை நெருங்கி இறுகினால் அதற்குப் படிகம் என்று பேர். பட்டையின் பலம் அங்கிருந்துதான் வருகிறது. (எல்லாமே இறுகிவிட்டால் போச்சு. வளைந்து கொடுக்கக் கொஞ்சம் சிக்கலும் மிச்சம் வேண்டும். என் மாமியார் வீட்டில் அத்தனை பேரும் ஒரே கட்சி, அனுபவத்தில் சொல்கிறேன்.)

3

போன பட்டைச் சுருளில் பலம் போதவில்லை என்று வாங்கிக் கட்டிக்கொண்ட தம்பி, இந்தச் சுருளை அளவுக்கு மீறி இழுத்துவிட்டான். சோதனை இயந்திரம் நீளவாக்கில் மட்டும்தான் இழுத்துப் பார்க்கும். பலத்தைக் காட்டும் எண் எகிறியது. மேனேஜருக்கு ஒரே குஷி. "இன்னைக்கே உன்னை பர்மனென்ட் பண்ணிடறேன்" என்றார்.

அக்கா ஒரு துண்டைப் பெட்டி மூலைக்கு மடக்குவதுபோல் மடக்கி முறுக்கினாள். மூங்கில் மாதிரி நெடுக்கப் பிளந்தது.

"மடக்கிப் பாக்கணும்னு ரூல் இருக்கா?" என்றான் தம்பி.

"இல்ல. ஆனா பெட்டிக்கு மூலை இருக்கே."

"நான் உன் தம்பிக்கா."

"அதான்டா யோசிக்கிறேன். இது கண்ணாடிப் பலகை கட்டப் போகுது. கீழ நின்னு இறக்குறவனுக்கும் ஒரு அக்கா இருப்பா."

(கடைசி வரி கொஞ்சம் ஓவர் என்று அடித்துப் பார்த்தேன். அவள் விடவில்லை.)

4

முடிவு ஒன்று: அக்கா 'சரி' முத்திரை குத்துகிறாள். எழுதினேன். சுருள் ஏறிய லாரியோடு என் தூக்கமும் போய்விட்டது.

முடிவு இரண்டு: அக்கா சுருளை நிறுத்துகிறாள், தம்பியின் வேலை போகிறது. நியாயம்தான். சாயங்காலம் அவள் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவாள்? நீங்கள் கூடப் போவீர்களா?

மூன்றாவதை அக்காவே எடுத்துக்கொண்டாள். பிளந்த துண்டைத் தம்பி கையில் திணித்தாள். "நான் சொன்னா மாட்டிவிட்ட மாதிரி. நீயே போய்ச் சொல்லு."

இப்போது அவன் மேனேஜர் அறை வாசலில் நிற்கிறான். உள்ளே அவனுடைய வேலை உத்தரவு தயாராகிறது. வெளியே லாரியில் சுருள் ஏறுகிறது. அவனைக் கதவு தட்டவைக்க எனக்கு ஒரு வரி போதும். அப்படித் தட்டினால் அது என் நேர்மை, அவனுடையது ஆகாது.

ஆகவே நீங்கள் எழுதுங்கள். ஒரே நிபந்தனை: கீழே நின்று அந்தக் கண்ணாடியை இறக்குகிறவர் நீங்கள்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.