மருதங்குறிச்சி மனுவில் ஏதென்ஸ்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிரேக்க அரசியலைப் பற்றிக் கதை எழுத எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. மதுரையை விட்டு நான் போன அதிகபட்ச தூரம் விசாகப்பட்டினம், அதுவும் மச்சினன் கல்யாணத்துக்கு. ஒரு சிற்றிதழ்க்காரர் போன் போட்டு, "ஐரோப்பியச் சிறப்பிதழ்ணே. எல்லா நாட்டுக்கும் ஆள் போட்டாச்சு, கிரேக்கம் மட்டும் மிச்சம் இருக்கு" என்றார். மிச்சம் இருந்ததை என் தலையில் கட்டிவிட்டார்.

[ஏஜியன் கடலின் நீலத்தில் சூரியன் மெல்ல —]

ஏண்டா, நீ பார்த்தாயா அந்தக் கடலை? அடித்துவிட்டேன்.

[ஜனநாயகம் பிறந்த மண்ணில் இன்று —]

இது பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி. இதையும் அடித்துவிட்டேன்.

[ஜெயக்கொடி ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியபோது —]

இது கொஞ்சம் நடக்கும் போலிருந்தது.

2

ஜெயக்கொடி பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறாள். நாற்பத்தோரு வயது. முனைவர் பட்டத்துக்காக ஆறு வருஷமாக ஒரே ஒரு சண்டையைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

கிரேக்கத்துக்கு வடக்கே ஒரு சின்ன நாடு. யூகோஸ்லாவியா உடைந்தபோது தனியாகப் பிரிந்து, தன் பெயர் மாசிடோனியா என்றது. கிரேக்கர்கள் கொதித்துவிட்டார்கள். எங்களுக்குள்ளேயே மாசிடோனியா என்று ஒரு பகுதி இருக்கிறது, அலெக்சாந்தர் எங்கள் ஆள், இன்றைக்குப் பெயரை எடுத்தவன் நாளைக்கு மண்ணையும் கேட்பான் என்று லட்சக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். இருபத்தேழு வருஷம் இழுத்தது. கடைசியில் அந்தச் சின்ன நாடுதான் தன் பெயருக்கு முன்னால் 'வடக்கு' என்று சேர்த்துக்கொண்டது.

(அலெக்சாந்தர் செத்து இரண்டாயிரத்து முந்நூறு வருஷம் ஆகிறது, ஐயா! செத்தவரை வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பவன் கழுத்தை அறுக்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம் எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. எரிச்சலை யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை.)

3

எங்கள் ஊர் மருதங்குறிச்சி. ஜெயக்கொடிக்கும் அதுதான் ஊர். ஆரப்பாளையத்திலிருந்து மேற்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கண்மாய்க்குத் தெற்கே ஊர், வடக்கே காலனி. ஊர்க்காரர் வயலில் ஒரு காலத்தில் கூலிக்கு வந்தவர்களின் வீடுகள் காலனியில் இருக்கின்றன. இப்போது அங்கே சொந்த நிலக்காரர்களும் நர்சும் போலீசும் உண்டு. ஜெயக்கொடியின் கல்லூரியிலேயே ஆங்கிலம் நடத்தும் சத்யப்ரியா காலனிக்காரிதான். இருவரும் பத்து வருஷமாக ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் வருகிறார்கள். ஜெயக்கொடி தமிழில் எழுதிய ஆய்வேட்டுக்கு எழுத்துப்பிழை பார்த்துத் தந்ததும் சத்யப்ரியாதான்.

காலனி என்ற சொல் வசையாகிவிட்டது, இனி ஆவணங்களில் இருக்காது என்று அரசாங்கமே அறிவித்தது. காலனிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊர்ப் பெயரும் மருதங்குறிச்சிதான், முன்னாலும் பின்னாலும் எந்த ஒட்டும் வேண்டாம் என்று மனுக் கொடுத்தார்கள்.

அவ்வளவுதான். ஊர் குதித்தது. ஜெயக்கொடியின் அப்பா சிவனாண்டி எல்லாருக்கும் மேலாகக் குதித்தார். அவருக்குக் கவலை கண்மாய். வெயில் காலத்தில் தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் மருதங்குறிச்சியார் முதலில் இறங்க வேண்டும், மற்றவர்கள் பிறகு. இது வழக்கம்.

"பேரு ஒண்ணாயிட்டா கம்மாய்ல மொதல்ல எறங்குறது யாருத்தா?" என்று மகளிடம் கேட்டார். "நீதான் பேர்ச் சண்டைக்கே டாக்டர் பட்டம் வாங்குறவ. ஒரு மனு எழுதிக் குடு."

4

இந்த இடத்தில் ஜெயக்கொடி 'முடியாது' என்று சொல்லியிருக்க வேண்டும். நானும் மூன்று வரைவுகளில் சொல்லவைத்துப் பார்த்தேன். வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். மனு எழுதவில்லை, அதற்குப் பதிலாக ஆய்வேட்டில் இரண்டு இயல்களைப் பிரதி எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். மூன்றாவது இயலில் கிரேக்கர்களின் வாதங்கள் வரிசையாக இருந்தன. நாலாவதில் அவை ஒவ்வொன்றையும் உடைத்திருந்தாள். படித்தால் அப்பாவுக்கே உறைக்கும் என்று நினைத்தாளாம்.

சிவனாண்டி மூன்றாவதோடு நிறுத்திக்கொண்டார்.

"இம்புட்டு அருமையா எழுதி வச்சுக்கிட்டுத்தான் பேசாம இருந்தியா!"

நேராக டைப் அடிக்கும் கடைக்குப் போனார். கிரேக்கம் வந்த இடமெல்லாம் மருதங்குறிச்சி, அண்டை நாடு வந்த இடமெல்லாம் காலனி என்று கம்ப்யூட்டரில் மாற்றச் சொன்னார். கடைக்காரரும் மாற்றிக் கொடுத்தார். ஒரே ஒரு இடம் தப்பிவிட்டது. மதுரை கலெக்டருக்குப் போன மனுவில், 'இதனால் ஏதென்ஸ் மக்களின் உணர்வுகள் புண்படும்' என்று அப்படியே நின்றது.

(ஊரில் நூற்றுப் பன்னிரண்டு பேர் அதில் கையெழுத்துப் போட்டார்கள். இந்தக் கதாசிரியனும் போட்டான். வீட்டுக்கு வந்து நீட்டினார்கள், படிக்காமல் போட்டேன். சரி, மேலே போவோம்.)

அப்பா அதை மனுவாக்குவார் என்று ஜெயக்கொடிக்குத் தெரியாதா? தெரியாது என்று எழுதினேன். தெரியும் என்று திருத்தினேன். இரண்டையும் நான் நம்பவில்லை.

5

தாசில்தார் ஆபீசிலிருந்து மனுவின் நகல் காலனிக்கு வந்தது. மறுநாள் பஸ்ஸில் சத்யப்ரியா அதை ஜெயக்கொடியின் மடியில் வைத்தாள்.

"இது உங்க மூணாவது இயல்க்கா."

"அப்பா எடுத்துட்டாரு ப்ரியா. நான் இதுக்காகவா எழுதுனேன்?"

"'பெயர் என்பது ஊன்றிய எல்லைக்கல்.' இந்த வரி நல்லாருக்குன்னு பென்சில்ல டிக் போட்டதே நான்தான்க்கா. எனக்குத் தெரியாதா நீங்க எதுக்கு எழுதுனீங்கன்னு? வியாழக்கெழம தாலுகா ஆபீஸ்ல அமைதிக் கூட்டம். அங்க வந்து சொல்லுங்க."

"பேசாம வடக்கு மருதங்குறிச்சின்னு வச்சுக்கிட்டா ரெண்டு பக்கமும் பிரச்சினை இல்லாம..."

"அஞ்சாவது இயல். அதையும் படிச்சேன். எப்பவும் நாங்களேதான் கூட ஒரு வார்த்தையச் சேத்துக்கணுமா? நீங்க தெற்கு மருதங்குறிச்சின்னு வச்சுக்கங்களேன்!"

ஜெயக்கொடிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்ததே என்று வெட்கமும் வந்தது.

6

வியாழக்கிழமை தாலுகா ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே ஊர்க்காரர்கள், ஜன்னல் பக்கம் காலனிக்காரர்கள். ஜெயக்கொடி கதவோரம் நின்றாள். தாசில்தாரம்மா மனுவை வாசித்துக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"ஏதென்ஸ் எந்தப் பிர்க்காவுலங்க வருது?"

அறையே சிரித்தது. ஜன்னல் பக்கமும் சிரித்தார்கள். சத்யப்ரியா சிரிக்கவில்லை. தாசில்தாரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருங்க இத எழுதுனது?" என்றார். சிவனாண்டி பெருமையாகத் திரும்பி மகளைப் பார்த்தார். ஜெயக்கொடி

[முன்னால் வந்து, "நான்தான். ஆனா அடுத்த இயலையும் வாசிங்க மேடம்" என்றாள்.] கைதட்டு வாங்கும் முடிவு. எனக்கே கூசுகிறது.

[தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.] நடக்கக்கூடியது இதுதான். இதற்குக் கதை எதற்கு, தாலுகா ஆபீஸ் பதிவேடு போதுமே.

[அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது.] வெட்கங்கெட்ட முடிவு.

7

ஒன்றும் ஓடாமல், இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போய்ச் சத்யப்ரியாவிடமே கொடுத்தேன். வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து கடைசிவரை படித்தாள்.

"நல்லாருக்குண்ணே. ஆனா ஜெயக்கொடியக்கா என்ன செய்யப் போறாங்கன்னே கதை பூராம் காத்துக்கிட்டு நிக்குது. எங்க பேரு எங்களுக்குக் கெடைக்க அவங்க வாயத் தொறக்கணுமா? நாங்க ஜன்னல் பக்கம் முப்பது பேரு உக்காந்திருந்தோம். எங்கள்ல ஒருத்தரும் பேசலையா?"

பேசினார்கள். ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் எழுதவில்லை.

"இன்னொண்ணு" என்றாள். "அந்த வார்த்தைய எடுத்தாச்சுன்னு மூணாவது பகுதியில நீங்களே எழுதுறீங்க. எழுதிட்டு, அடுத்த வரியில இருந்து மறுபடியும் எங்களக் காலனிக்காரங்கன்னே எழுதுறீங்க. கைக்கு அம்புட்டுப் பழக்கமாண்ணே?"

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. திருத்திக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "வேண்டாம், அப்படியே போகட்டும். படிக்கிறவங்களும் ஒருத்தர்கூடக் கவனிச்சிருக்க மாட்டாங்க, பாருங்க" என்று காகிதத்தை நீட்டினாள்.

ஆகவே கதவோரம் நிற்கும் ஜெயக்கொடியை அங்கேயே விடுகிறேன். அவள் எப்போது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். நீங்கள் ஒரு பேனா எடுங்கள். மூன்றாவது பகுதிக்குப் போய், அந்தச் சொல் வரும் இடங்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு மருதங்குறிச்சி என்று எழுதிக்கொண்டே வாருங்கள். கண்மாய்க்கு வடக்கேயும் மருதங்குறிச்சி, தெற்கேயும் மருதங்குறிச்சி என்று வரும். மருதங்குறிச்சிக்காரர்களை எதிர்த்து மருதங்குறிச்சிக்காரர்கள் மனுக் கொடுத்ததாக வரும். யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் படிக்கக் குழப்பமாகத்தான் இருக்கும். குழம்புங்கள்.